கொல்லிமலை நாட்குறிப்பு: சாமைச் சோற்றைத் தேடிப் போன ஐந்து நாள்

ஜனவரி 23, 2025, வியாழன் – நாமக்கல், காரவள்ளி, செம்மேடு

எதற்காக இந்தப் பயணம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாக நான் மேக்ரோபயாட்டிக் முறையில் சாப்பிட்டு வருகிறேன். ஜப்பானில் சாகென் இஷிசுகா என்ற ராணுவ மருத்துவர் நூறு வருடத்துக்கும் முன்னால் தொடங்கி வைத்து, அவர் வழியில் வந்த ஜார்ஜ் ஓசாவா உலகம் முழுக்கக் கொண்டுபோன உணவு முறை. தட்டில் பாதி தானியம், கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே காய் கீரை, கொஞ்சம் பருப்பு, கடல்பாசி, ஒரு கிண்ணம் சூப், எல்லாவற்றையும் நன்றாக மென்று தின்ன வேண்டும். அதில் இரண்டு விஷயம் என் மனதில் ஒட்டிக்கொண்டது. ஒன்று, தானியத்தை முழுசாகத் தின்னு, தவிட்டை உரித்து எறியாதே. இன்னொன்று, நீ இருக்கிற மண்ணில் எது விளைகிறதோ அதைத் தின்னு.

இரண்டாவதைத்தான் நான் தினமும் மீறிக்கொண்டிருந்தேன். சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஜப்பானிலிருந்து வந்த மிசோ என்ற புளித்த சோயா விழுதும், உப்பில் ஊறிய உமேபோஷி பழமும் வாங்கித் தின்றுகொண்டிருந்தேன். பழம் ஒரு சின்ன பாட்டில் 900 ரூபாய்க்கு மேல். ஒருநாள் ராத்திரி அந்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன், நம் மலைகளில் இதற்குச் சமமாக என்ன இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது என்று தோன்றியது. தோழி ஒருத்தி கொல்லிமலையில் அவளுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் சொல்லி வைத்தாள். பொங்கல் முடிந்து அறுவடைத் தானியம் வீட்டில் இருக்கும், இப்போதே போ என்றாள்.

நாமக்கல்லில் காலை பஸ் பிடித்து, சேந்தமங்கலம் தாண்டி, அடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். இருபதாவது வளைவிலேயே எனக்கு வயிறு புரள ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒன்றும் கேட்காமல் தன் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, நகத்தால் தோலைக் கீறி என் கையில் வைத்தார். "மோந்துக்கிட்டே வாங்க கண்ணு. கண்ணை மூடாதீங்க, ரோட்டைப் பாருங்க." அப்படியே செய்தேன். மேலே வந்து இறங்கும்போது பழத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால், இறங்கும்போதும் வேணுமே, வெச்சுக்குங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலைக்குப் பக்கத்தில் டீ, 12 ரூபாய். பத்து மணிக்கும் வெயில் உறைக்கவில்லை. அங்கிருந்து இன்னொரு சின்ன பஸ், அப்புறம் ஒரு கிலோமீட்டர் நடை. இங்கே ஊர்களை நாடு நாடாகப் பிரித்துச் சொல்கிறார்கள்: வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு. மக்கள் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்துக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்கிறவர்கள் என்று அவர்களே சொன்னார்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருவது.

வீட்டில் பாட்டி, மகன், மருமகள், படிக்கிற இரண்டு பிள்ளைகள். மகனை அண்ணா என்றும் மருமகளை அக்கா என்றும் கூப்பிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இலையில் வந்து விழுந்தது வெள்ளைச் சோறு, ரேஷன் அரிசி. கூடவே பச்சை மொச்சைக் குழம்பு. குழம்பு அமிர்தமாக இருந்தது, இருந்தாலும் என் முகம் மாறியதை அக்கா பார்த்துவிட்டார். "சாமை மூட்டை உள்ளதான் கெடக்குது. மிஷினு ஓடல. டிரான்ஸ்பார்மர் போயி ஒம்போது நாளாச்சு" என்றார். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. மூட்டையில் சாமை இருந்தால் சோறு பொங்க வேண்டியதுதானே?

ஜனவரி 24, வெள்ளி – காடு, குதிர், மிஷின்

ஐந்தரைக்கு முழிப்பு வந்துவிட்டது. வாசலில் பனி இறங்கி எதிர்வீடு தெரியவில்லை. கடுங்காப்பி, அவர்கள் தோட்டத்திலேயே பறித்து வறுத்து இடித்தது, பனைவெல்லம் போட்டு. இங்கே வீட்டுக்கு வீடு களத்தில் காப்பிப் பழம் காய்கிறது, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறிக் கிடக்கிறது.

காலையில் அண்ணாவோடு காட்டுக்குப் போனேன். சரிவில் மேலிருந்து கீழ்வரை மரவள்ளி. ஒரு மூலையில் மட்டும் கேழ்வரகு அறுத்த தாள் நின்றது. மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள், லாரி ஒன்று பாதி நிரம்பி நின்றது. ராசிபுரம், ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு அது போகும். அவர் அப்பா காலத்தில் இந்தச் சரிவு முழுக்கச் சாமையும் தினையும் கேழ்வரகும்தானாம், ஊடே அவரை, துவரை, கடுகு. நான் ஏதோ ஏக்கமாகச் சொல்ல வாயெடுத்தேன், அவர் முந்திக்கொண்டார்.

"மரவள்ளி ஒரு லோடு ஏத்துனா கையில முழுசாப் பணம் வரும். புள்ளைங்களுக்குப் பீஸ் கட்டணும். சாமையை யாரு வந்து காட்டுல வாங்குறாங்க?"

அவர் சொன்னதில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் மரவள்ளி மண்ணை உறிஞ்சிவிடுகிறது என்பதையும் அவரே சொன்னார். கிழங்கு பிடுங்கிய சரிவில் மழை அடித்தால் மேல்மண் கரைந்து ஓடுகிறது, வருஷத்துக்கு வருஷம் உரம் கூடுதலாகக் கேட்கிறது, 2020க்கு அப்புறம் மாவுப்பூச்சி வேறு. அதனால் சோற்றுக்கு மட்டும் என்று அரை ஏக்கரில் சாமை போடுவதை அவர் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாட்டி தானியம் கொட்டி வைக்கும் குதிர் ஒன்றைக் காட்டினார். மூங்கிலில் பின்னி, சாணியும் மண்ணும் கலந்து பூசியது, என் தோள் உயரம். கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் கொடுத்தார். சாமை உமியோடு இருக்கும்போது எப்படி இருக்கும் என்று நான் அதுவரை பார்த்ததே இல்லை. கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, வழவழவென்று பளபளப்பு, விரலிடுக்கில் தண்ணீர் மாதிரி ஒழுகுகிறது. ஒன்றைப் பல்லில் கடித்தேன், உடையவில்லை. "அந்தச் சட்டை கெட்டி. அதனாலதான் பூச்சி தொடாது. பல வருஷம் கெடக்கும்" என்றார் பாட்டி. சாமையிலேயே எத்தனை வகை என்று கேட்டேன். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுலாச் சாமை, பெருஞ்சாமை என்று சொல்லிக்கொண்டே போனார். ஒன்று சீக்கிரம் விளையும், ஒன்று மண் மோசமானாலும் தாங்கும், ஒன்று ருசி. தன் மாமியாரிடமிருந்து வந்த விதை என்று ஒரு சுரைக்குடுக்கையைத் தனியே காட்டினார், அதை மட்டும் கையில் கொடுக்கவில்லை.

மத்தியானம் அக்காவோடு மிஷின் கொட்டகைக்குப் போனேன். மகளிர் குழு நடத்துகிறது. 1990களிலிருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் சிறுதானிய விதைகளைக் காப்பாற்றவும், விதை வங்கி வைக்கவும், இப்படிச் சின்ன அரவை மிஷின்களை ஊருக்குள் கொண்டுவரவும் வேலை செய்திருக்கிறது. அதற்கு முன்னால் எல்லாமே உரல்தான். கேழ்வரகுக்குப் பிரச்சினை இல்லை, அப்படியே திரித்துக் களி கிண்டலாம். சாமை, தினை, பனிவரகு எல்லாம் உமி போனால்தான் வாய்க்கு வரும். கொட்டகையில் மூட்டைகள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய சீட்டு. எண்ணினேன், 23 மூட்டை. எல்லாம் மிஷின் ஓட வேண்டிய மும்முனை மின்சாரத்துக்காகக் காத்திருந்தன, வீடுகளில் விளக்கு மட்டும் எரிந்தது.

கையோடு நான் சென்னையிலிருந்து ஒரு பாக்கெட் சாமை கொண்டுபோயிருந்தேன், அரைக் கிலோ 80 ரூபாய். அதை மிஷின் ஓட்டும் அம்மாவிடம் காட்டினேன். உள்ளங்கையில் கொட்டி, கட்டை விரலால் தேய்த்து, வெளிச்சத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இது பச்சரிசி மாதிரில்ல இருக்குது. உமியோட தவிட்டையும் சேத்து உரிச்சுட்டாங்க."

பக்கத்தில் ஒரு டப்பாவில் பழைய அரைப்பு கொஞ்சம் இருந்தது, அதை என் சாமைக்குப் பக்கத்தில் வைத்தார். அது சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறம், ஒவ்வொரு மணியிலும் மெல்லிய தோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் லேசாக எண்ணெய் வாசம். என்னுடையது வெள்ளை வெளேரென்று வாசமே இல்லாமல் இருந்தது. ஏன் அப்படி உரிக்கிறார்கள் என்று கேட்டேன். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, அதோடு அரைத்து வைத்தால் இரண்டு மாதத்தில் காறல் வாடை வந்துவிடும், பூச்சியும் ஏறும், கடையில் ஆறு மாதம் இருக்க வேண்டுமென்றால் இப்படித்தான் உரிக்கணும் என்றார். இரண்டு வருடமாக முழுத்தானியம் என்று நம்பி நான் ஒவ்வொரு வாயையும் முப்பது நாற்பது தடவை மென்றது இதைத்தான். கொட்டகை வாசலில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 25, சனி – உரல்

விருந்தாளி வந்து இரண்டு நாளாகியும் சாமைச் சோறு போடவில்லை என்பது பாட்டிக்குப் பொறுக்கவில்லை. காலையில் நான் எழுந்து வரும்போது களத்து ஓரத்துக் கல்லுரலைக் கழுவித் துடைத்துவிட்டார். இரண்டு படி சாமை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. வேண்டாம் பாட்டி, எனக்காகச் சிரமப்படாதீங்க என்றேன். காதில் வாங்கவில்லை.

பாட்டியும் அக்காவும் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிக் குத்தினார்கள். ஒரு உலக்கை மேலே போகும்போது இன்னொன்று இறங்குகிறது, ஒருதடவைகூட இடித்துக்கொள்ளவில்லை. ஒரு ஈடு குத்தி, முறத்தில் அள்ளிப் புடைத்து, உமியைக் காற்றில் விட்டு, திரும்ப உரலில் போட்டு, திரும்பப் புடைத்து. பாதி மணி உரிந்திருக்கும், பாதி அப்படியே பளபளவென்று கிடக்கும். மூன்றாவது ஈட்டில்தான் முறத்தில் சாம்பல் நிறம் தெரிய ஆரம்பித்தது. பாட்டி முறத்தை ஆட்டும் விதத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்: முன்னால் தட்டினால் உமி பறக்கிறது, பக்கவாட்டில் சுழற்றினால் உரியாத மணி எல்லாம் ஒரு ஓரமாகத் தனியே வந்து சேருகிறது. அதை இரண்டு விரலால் ஒதுக்கித் திரும்ப உரலுக்குள் போடுகிறார்.

நான் உலக்கையை வாங்கிப் பத்து நிமிடம் குத்தினேன். வலது கை ஆள்காட்டி விரலின் அடியில் கொப்புளம் வந்து உடைந்தும் விட்டது. தோள் இன்றைக்கு ராத்திரிவரை எரிகிறது. நான் குத்தியதில் உரிந்ததைவிட நொறுங்கிய குருணைதான் அதிகம், பாட்டி அதைத் தனியே எடுத்து வைத்தார், கஞ்சிக்கு ஆகுமாம். அவர் கல்யாணமாகி வந்தபோது வீட்டில் பதினோரு பேர். கோழி கூப்பிடும் முன்னாலேயே எழுந்து குத்த ஆரம்பித்தால்தான் மத்தியானச் சோறு. மாசமாக இருந்தபோதும் குத்தினார், பிள்ளை பெற்று ஒரு மாதத்தில் திரும்பக் குத்தினார்.

"ரேஷன்ல அரிசி வந்தப்ப நாங்க பொம்பளைங்க எல்லாம் சாமி கும்பிட்டோம் கண்ணு. சாமை ருசிதான், இல்லீங்கல. இந்தக் கையைப் பாரு."

காட்டினார். உள்ளங்கையில் விரல்களின் அடியில் நாலு காய்ப்பு, கல் மாதிரி. குத்துவதை விட்டு இருபது வருஷம் ஆகியும் போகவில்லை.

சிறுதானியம் அழிந்துபோனதற்கு நான் இதுவரை படித்த காரணமெல்லாம் நாகரிக மோகம், வெள்ளைச் சோற்று ஆசை, விளம்பரம். 2023ஐ உலக சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தபோது கேட்ட பேச்சுகளிலும் சத்து, பாரம்பரியம், விவசாயி வருமானம் என்று எல்லாம் வந்தது, உரல் வந்ததாக எனக்கு நினைவில்லை. ஒரு வீட்டுச் சோற்றுக்கு ஒரு பெண் தினமும் இரண்டு மூன்று மணி நேரம் குத்த வேண்டும் என்றால், அந்தச் சோற்றை அவள் கைவிட்டதில் என்ன தப்பு? நகரத்தில் இருக்கிற நாம் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பணும் என்று பேசுகிறோம், அதை யார் குத்துவது என்று கேட்பதில்லை. நானும் இத்தனை நாள் கேட்டதில்லை.

சோறு மத்தியானம் இரண்டு மணிக்கு ஆனது. அக்கா இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஊற்றிக் கல் அரித்தார், மண்சட்டியில் உலை வைத்து, பொங்கியதும் தணலில் விட்டார். மொச்சைக் குழம்பு, குப்பைக்கீரைக் கடைசல், ஊறவைத்த காந்தாரி மிளகாய். சோறு உதிரியாக இருந்தது, மெல்ல மெல்ல முதலில் புல் வாசம், அப்புறம் ஒரு இனிப்பு. எண்ணிக்கொண்டு மெல்லவில்லை. தவிடு இருப்பதால் மென்றால்தான் இறங்குகிறது, அவ்வளவுதான். இலையில் பாதி தானியம், மீதி கீரையும் மொச்சையும், கடைசியில் மோர். அளவு எல்லாம் ஏறக்குறைய அந்த ஜப்பானிய முறை சொல்வதுதான். ஆனால் ஒன்றைச் சொல்லணும், அந்த முறை தவிர்க்கச் சொல்கிற முட்டையையும் தக்காளியையும் பாட்டி விலக்குவதில்லை, கையில் கிடைத்தால் மீனும் சாப்பிடுகிறார். 1960களில் அமெரிக்காவில் இந்த முறையை வெறும் தானியம் என்று இறுக்கிப் பிடித்து உடம்பு கெட்டு இறந்தவர்கள் உண்டு. இங்கே அந்த இறுக்கம் எதுவும் இல்லை, காட்டில் எந்த மாதம் எது வருகிறதோ அது இலைக்கு வருகிறது.

சாயங்காலம் சோளக்காட்டுச் சந்தைக் கடைகள் வரை போய் வந்தேன். மலைவாழை கிலோ 80, மிளகு கால் கிலோ 200. முடவாட்டுக்கால் கிழங்கு சூப் ஒரு டம்ளர் 30 ரூபாய், நல்ல காரம், மிளகும் பூண்டும் தூக்கலாக. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒருவகைப் பெரணியின் கிழங்கு அது, மேலே ஆட்டுக்கால் மாதிரி ரோமம். கடைக்குக் கடை கூடை கூடையாகக் கிடக்கிறது, எல்லாம் காட்டிலிருந்து பெயர்த்தது. கேட்கிற கூட்டம் ஏறிக்கொண்டே போனால் பாறையில் எவ்வளவு மிஞ்சும் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. இரண்டாவது டம்ளர் வாங்கவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு – தூறல்

குடியரசு தினம், கிராமசபை. அக்கா கொட்டகைப் பெண்கள் ஏழெட்டுப் பேரோடு போனார், நானும் பின்னால் நின்றேன். டிரான்ஸ்பார்மரைப் பற்றி முதலில் யாரும் எடுக்கவில்லை, ரோடு, தண்ணீர்த் தொட்டி என்றே போய்க்கொண்டிருந்தது. மிஷின் ஓட்டும் அம்மா எழுந்து நின்றார். "வீட்டுக்கு லைட் எரியுதுன்னு எல்லாரும் கம்முனு இருக்கீங்க. மிஷினு நின்னா யாரு குத்தறது? நீங்க குத்துவீங்களா?" என்று ஆண்கள் பக்கம் பார்த்துக் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. நாளைக்குள் வந்துவிடும் என்று பதில் வந்தது.

திரும்பி வரும் வழியில் திடீரென்று தூறல். தை மாதத்தில் இப்படி வராது என்றார்கள். களம் முழுக்கக் காப்பிப் பழமும், குத்தக் காயவைத்த சாமையும். எந்த வீடு என்று பார்க்காமல் அவரவர் கிட்டத்தில் இருந்த களத்துக்குள் ஓடி வாரினார்கள், நான் யாருடையதென்றே தெரியாத காப்பியை என் சால்வையில் அள்ளிக் கட்டினேன். பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது. சால்வையில் சாயம் பிடித்துவிட்டது, போகட்டும்.

ஆகாய கங்கை அருவிக்கு இந்தத் தடவை இறங்கவில்லை. ஆயிரத்துக்கும் மேலே படி, தோள்வலியோடு முட்டிவலியும் சேர வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அறப்பளீசுவரரைக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ராத்திரி ஏழே முக்காலுக்கு, களி உருண்டையைக் கையில் எடுத்த நேரம், தூரத்தில் தடதடவென்று ஒரு சத்தம். அக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். மிஷின்.

கொட்டகைக்கு நாங்கள் போகும்போது ஏற்கெனவே இருபது பேர் நின்றார்கள், டார்ச்சும் செல்போன் வெளிச்சமுமாக. உமி மேகம் மாதிரி பறந்து தலையெல்லாம் வெள்ளை. வீட்டுச் சாமை பத்துக் கிலோ உள்ளே போய் அரிசியாக வெளியே வர, ஒரு டீ ஆற்றிக் குடிக்கிற நேரம்தான் ஆகியிருக்கும். கூலி 50 ரூபாய். பாட்டியும் வந்திருந்தார், குழாய் வாயில் கையை நீட்டி வைத்துக்கொண்டு விழுகிற மணியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஜனவரி 27, திங்கள் – கீழே

ஐந்து கிலோ தவிடு போகாத சாமை அரிசி வாங்கிக்கொண்டேன். பாட்டி காசு வாங்க மாட்டேன் என்றார், பிள்ளைகள் நோட்டுக்கு என்று சொல்லி அக்கா கையில் 600 கொடுத்தேன். கூடுதலாக ஒரு கைப்பிடி உமியோடு இருக்கிற சாமையும் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார், ஆடியில் தொட்டியில் தூவிப் பாரு என்று. வேக வைக்கும் முன் அரிக்க மறக்காதே என்று மூன்று தடவை சொன்னார்.

பஸ்ஸில் ஜன்னலோரம். எலுமிச்சம்பழம் இன்னும் பையில் இருந்தது, வாடியிருந்தாலும் வாசம் போகவில்லை. அறுபதாவது வளைவுக்குப் பக்கத்தில் ஏறிய ஒரு அம்மா என் மடியில் இருந்த பையைப் பார்த்தார். கேட்காமலேயே வாயைப் பிரித்து, நாலு மணி எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"புது அரைப்பாட்டம் இருக்குது. எங்க அரைச்சீங்க?"

சொன்னேன்.

"அங்க கரண்ட் வந்துருச்சா?"

நேற்று ராத்திரியே வந்துவிட்டது என்றேன். இடுப்பிலிருந்த போனை எடுத்து, பஸ் இரைச்சலை மீறி, "ஏய், மிஷினு ஓடுதாம். சோறு அப்புறம் திங்கலாம், மூட்டையை முதல்ல தூக்கிட்டுப் போ" என்று கத்தினார்.